அமெரிக்கத் தேர்தலும் எங்கள் டிசம்பர் லீவும்

1

குளச்சலில் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்தும் என் பள்ளிக்கூடத்து நண்பர் போன வாரம் ஃபோன் பண்ணினார். "நீரு வளைகுடாவுக்குப் போயி இந்த மாசத்தோட பதினெட்டு வருஷம் ஆச்சாமே, ஏதாவது எழுதித் தாரும் வோய்" என்றார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். மணல், வெயில், ஒட்டகம், கண்ணீர். ராஸ் அல் கைமாவில் டைல் கம்பெனியில் இருக்கிற நான் ஒட்டகத்தைப் பார்ப்பது கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். அதுவும் இதுவரை என்னைப் பார்த்துக் கண்கலங்கியது கிடையாது.

ஆகையால் நான் எழுதப்போவது அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் சமயத்தில் பங்குச் சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி. சிரிக்க வேண்டாம். கம்பெனி ஆட்கள் தங்குகிற எங்கள் கேம்ப்பில் இந்த விஷயத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எனக்கென்று சொந்தமாக ஒரு ஷேர்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

2

இந்த ஞானம் எனக்கு வந்த வழி என் மகள் ஷைனி. நாகர்கோவிலில் பி.காம் முடித்துவிட்டு மேற்கொண்டு என்னென்னமோ கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் லீவு முடிந்து கிளம்பும்போது என் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுத பிள்ளை. வளர வளர பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்பிட்டியா மக்களே என்று நான் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். பரீட்சை எப்படி என்று கேட்டால் "குட்" என்று வரும். காய்ச்சல் எப்படி இருக்கு என்றாலும் அதே குட்தான். அவள் அம்மாவிடம் கேட்டால், வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும், உங்களுக்கென்ன, நான் பக்கத்திலேயே இருக்கேன், எனக்கும் அந்தக் கட்டைவிரல்தான் என்பாள்.

அப்போது அமெரிக்காவில் தேர்தல் சூடு. எங்கள் கேன்டீன் டிவியில் தேர்தல் செய்தி ஓடும்போதெல்லாம் அடியில் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வேறு பேச்சு கிடைக்காமல், ஓட்டுப் போடுவதற்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று ஷைனிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். பதிலுக்கு ஏழு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஏழு நிமிஷம்! நடுவில் இரண்டு தடவை "அப்பா, புரியுதா?" என்று கேட்டிருந்தாள். அதை நான்கு முறை கேட்டேன். முதல் மூன்று முறை குரலுக்காக. நான்காவது முறைதான் விஷயத்துக்காக.

விஷயம் இதுதான். மார்க்கெட்டுக்கு இந்த ஆள் பிடிக்கும், அந்த ஆள் பிடிக்காது என்றெல்லாம் பெரிதாகக் கிடையாது. அதற்குப் பிடிக்காத ஒரே சங்கதி, யார் வரப்போகிறார் என்று தெரியாமல் இருப்பது. அதனால் தேர்தல் நெருங்க நெருங்கப் பெரிய கைகள் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்கள் கடற்கரையில் வள்ளம் கரைசேரும் வரைக்கும் மீன் ஏலக்காரன் வாயைத் திறக்க மாட்டான் அல்லவா, அந்த மாதிரி. முடிவு வந்துவிட்டால், வந்தது யாராக இருந்தாலும் சரி, தெரிந்துவிட்டதே என்ற நிம்மதியில் பெரும்பாலும் ஏறும். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. சில தேர்தலில் மறுநாளே தலைகுப்புற விழுந்ததும் உண்டு. அப்புறம், புதிதாக வந்தவர் கசப்பு மருந்தையெல்லாம் முதல் வருஷத்தில் கொடுத்துவிடுவாராம். அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் ஜனங்களைக் குளிர்விக்கக் கையைத் தளர்த்துவாராம். அதனால் மூன்றாவது வருஷம் மார்க்கெட்டுக்கு நல்ல வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குத்தான், சத்தியம் இல்லை, அதை நம்பி யாரும் வீட்டை விற்கக்கூடாது என்றும் அவளே சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி அனுப்ப ஆரம்பித்தேன். பதில் தெரிந்த கேள்வியையும் கேட்பேன். பிள்ளை சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அதில் பாதியை அன்றைக்கே ரூமில் எடுத்துவிடுவேன். அமெரிக்க மார்க்கெட் எங்கள் வளைகுடா நேரம் சாயங்காலம் ஐந்தரைக்குத் திறக்கும். பகல் டியூட்டிக்காரர்கள் குளித்து டீ போடுகிற நேரம். கையில் கிளாஸோடு ஐந்து பேர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள், நான் நடுவில் நின்று விளக்குவேன். சேவியர் அண்ணன் என்ற என் பேர் போய் புரொஃபசர் ஆனேன். பக்கத்து ரூம் பாகிஸ்தானி டிரைவர்கூட வாசலில் தலையை நீட்டி, "புரொஃபசர் பாய், ஆஜ் மார்க்கெட் கைசா?" என்று கேட்பார். அச்சா ஹை என்பேன். எல்லா நாளும் அச்சாதான்.

3

அந்த ரூமில் என் பேச்சை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டவன் ஒரே ஒருவன். முருகானந்தம், அறந்தாங்கிப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். என்னோடு அதே கில்னில்தான் வேலை. கில்ன் என்பது டைலைச் சுட்டு எடுக்கிற நீளமான சூளை. அணையவிடக்கூடாது, சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பகல் டியூட்டியில் அதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவனும்தான். ஒருவன் லீவில் போனால் வேறு பிளான்ட்டிலிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்குவார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வருஷம் இரண்டு பேருக்குமே டிசம்பர் வேண்டியிருந்தது.

எனக்கு ஏன் என்றால், ஷைனிக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது, ஜனவரியில் போகிறாள். அமெரிக்க மார்க்கெட்டைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி, ராத்திரி ஷிஃப்ட். ஆறு வருஷமாக நான் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இல்லை. இந்தக் கிறிஸ்துமஸை விட்டால் இனி பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருக்காது, லீவுக்கு வருகிற பிள்ளையாகத்தான் இருக்கும். லீவுக்கு வருகிறவன் பாடு என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முருகுவுக்கு வீடு. நாலு வருஷமாகக் கட்டுகிறான். அஸ்திவாரம் தோண்டியது, நிலை வைத்தது, சுவர் எழும்பியது எல்லாவற்றையும் ஃபோட்டோவில்தான் பார்த்தான். ஒரு ஃபோட்டோவில் ஜன்னல் கோணலாகத் தெரிகிறது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான், கடைசியில் ஃபோட்டோ எடுத்த மச்சான்தான் கோணல். மழை விட்டதும், மார்கழி பிறப்பதற்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். கான்கிரீட் போடும் அன்றைக்காவது நான் நிற்கணும் அண்ணே, முதல் சட்டி என் கையால் விழணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

லீவு லிஸ்ட் போடுகிறவர் டைம் ஆபீஸ் மஹ்மூத், எகிப்துக்காரர். அவரிடம் எல்லாமே சிஸ்டம்தான். என் பெயர் அந்தச் சிஸ்டத்துக்குள் அரபியாகப் போய் ஆங்கிலமாகத் திரும்பி வந்தபோது என் அப்பாவே கூப்பிட முடியாத பெயராகிவிட்டது. அதைத் திருத்த மூன்று வருஷம் அலைந்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, கில்ன் ஒன்று, டிசம்பர் லீவு ஒன்று, பெயரும் ஒன்றுதான் வரவேண்டும், உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சிஸ்டம் மூடும், அதற்கப்புறம் மாஃபி, ஒன்றும் கிடையாது. நாட்காட்டியைப் பார்த்தால் அந்தப் புதன், அமெரிக்காவில் ஓட்டுப் போடும் நாளுக்கு மறுநாள்.

ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேரும் மரியாதையாகச் சண்டை போட்டோம். நீ போ மக்கா என்று நான் சொல்வேன், போய்விடுவானோ என்று பதறுவேன். இல்லண்ணே நீங்க போங்க என்பான், சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போவான். கடைசியில் அவன்தான் சொன்னான், உங்க மார்க்கெட்டே முடிவு பண்ணட்டும் அண்ணே என்று. தேர்தலுக்கு மறுநாள் ஏறுமா இறங்குமா, ஆளுக்கு ஒரு பக்கம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய மனுஷத் தோரணையில், "நீ சின்னவன், நீயே முதல்ல சொல்லு" என்றேன்.

"ஏறும்ணே" என்றான் முருகு. "நீங்கதானே ஒரு மாசமா சொல்லித் தர்றீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ரூமே சிரித்தது. எனக்கு மிச்சம் இறங்குமுகம். விதிமுறைகளை வகுத்தது புரொஃபசராகிய நான். ஐந்தரைக்கு மார்க்கெட் திறக்கும், கால்மணி நேரம் அது நிதானத்துக்கு வரட்டும், ஐந்தே முக்காலுக்குப் பார்ப்போம், முந்தின நாள் முடிந்த எண்ணைவிடக் கூட என்றால் லீவு உனக்கு, குறைவு என்றால் எனக்கு, பதினைந்து நிமிஷத்துக்குள் ஓடிப்போய் மஹ்மூத்திடம் பெயரைக் கொடுத்துவிடலாம். எவ்வளவு துல்லியம் பாருங்கள்.

4

அதற்கப்புறம் என் கேள்விகளின் திசை மாறியது. தேர்தல் முடிந்தால் விழவே விழாதா மக்களே என்று ஷைனியிடம் கேட்டேன். விழுந்த சந்தர்ப்பங்களைப் பற்றி விளக்கமாகச் சொன்னாள். மனதுக்கு இதமாக இருந்தது. மறுநாள், இந்தத் தடவை விழ வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். அதற்கு மறுநாளும் அதையே கேட்டேன். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா காசு ஏதும் போட்டிருக்காங்களா என்று அம்மாவை விட்டு விசாரித்தாள். ஒரு காசு போடவில்லை என்று மாதாமேல் ஆணையாகச் சொன்னேன். அது உண்மைதானே. போட்டிருந்தது டிசம்பரை.

வீட்டில் யாருக்கும் நான் லீவுக்கு அலைவதைச் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லலாம். கிடைக்காமல் போனால் பிள்ளையிடமிருந்து கட்டைவிரல் வரும், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆஃப் நாளில் கோவிலுக்குப் போய் மாதாவிடம் வேண்டினேன். அமெரிக்க மார்க்கெட்டைக் கொஞ்சமாக, யாருக்கும் நஷ்டம் வராத அளவுக்கு, ஒரே ஒரு நாள் இறக்கித் தரவேண்டும், வியாழக்கிழமை ஏற்றிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த ஒரு நர்ஸம்மா நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மெழுகுவத்தி ஒன்று கூடுதலாக வாங்கினேன்.

திங்களும் செவ்வாயும் எனக்கு ஓவர்டைம் விழுந்தது. கில்னில் ஒரு மின்விசிறி மக்கர் பண்ணி, இரவு எட்டு மணி வரை அங்கேயே கிடந்தேன். உள்ளே ஃபோன் கொண்டுபோக அனுமதி இல்லை. முருகு இரண்டு நாளும் மதியமே ரூமுக்குப் போய்விட்டான். அவன் சாயங்காலத்தில் என்ன செய்தான் என்று நான் கேட்கவும் இல்லை.

5

புதன்கிழமை காலை டீ பிரேக்குக்குள் யார் ஜெயித்தார் என்பது தெரிந்துவிட்டது. கேன்டீன் டிவியில் ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் அழுகை. எனக்கு இரண்டு பேரையும் தெரியாது. எனக்கு வேண்டியது அடியில் ஓடும் எண். அது ஐந்தரை வரைக்கும் வராது.

ஐந்து மணிக்குக் குளித்து, சட்டை மாற்றி, மஹ்மூத் ஆபீஸுக்குப் போகிற கோலத்தில் உட்கார்ந்துவிட்டேன். முருகு காலையிலேயே முந்தின நாள் முடிந்த எண்ணைப் பார்த்து, கழிவு டைல் ஒன்றின் பின்புறத்தில் மார்க்கரால் பெரிசாக எழுதி, ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தான். ரூமில் மீதி நான்கு பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் குடிக்கவில்லை.

ஐந்தரை ஆனது. என் ஃபோனில் எண் அப்படியே இருந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும் என்றேன். ஐந்து நாற்பது. அசையவில்லை. வைஃபையை அணைத்துப் போட்டேன். ஃபோனையே அணைத்துப் போட்டேன். ஐந்தே முக்கால். டைலில் இருக்கிற எண்ணும் ஃபோனில் இருக்கிற எண்ணும், புள்ளிக்குப் பின்னால் இருக்கிற இலக்கம் உட்பட, ஒன்றே.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புரொஃபசர் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. சொன்னேன். இது மிக அபூர்வமான நிலைமை, முடிவைக் கேட்ட அதிர்ச்சியில் வாங்குகிறவனும் வாங்கவில்லை, விற்கிறவனும் விற்கவில்லை, மார்க்கெட் திகைத்து நிற்கிறது என்றேன். இன்று அதை நினைத்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. முருகு மட்டும் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினான்.

"அப்ப சமம்ணே" என்றான்.

சமம் வந்தால் என்ன செய்வது என்று நான் விதியே எழுதவில்லை. சீட்டு எழுதிக் குலுக்கலாமா என்றேன். அவன் வேண்டாம் என்றான். எங்கள் பக்கத்தில் சமம் வந்தால் மூத்தவருக்குத்தான் கொடுப்போம், லீவு உங்களுக்குத்தான் அண்ணே, நேரமாகிறது, யல்லா, கிளம்புங்க என்று என் கையில் ஐடி கார்டைத் திணித்தான்.

நியாயமாக நான் இரண்டு வார்த்தை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஐந்து ஐம்பத்தாறுக்கு மஹ்மூத் என் பெயரை, அந்தப் பழைய கோணல் பெயரை அல்ல, திருத்திய பெயரை, சிஸ்டத்தில் ஏற்றினார். கலாஸ், முடிந்தது என்றார்.

6

ஏழு மணிக்கு ஷைனியைக் கூப்பிட்டேன். டிசம்பருக்கு வருகிறேன் என்று சொல்லத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

"அப்பா, பாத்தீங்களா? நான் சொன்ன மாதிரியே ஏறிடுச்சு. திறந்த உடனே ஏறிடுச்சு."

எப்போது திறந்தது என்று கேட்டேன். இப்பத்தான் அரைமணி நேரம் முன்னால், உங்க டைம் ஆறரைக்கு என்றாள். ஐந்தரை இல்லையா என்றேன். அவளுக்குச் சிரிப்பு. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டார்களாம். வருஷா வருஷம் நவம்பர் பிறந்ததும் அப்படித்தானாம். கடிகாரத்தைத் தொடாத ஊரில் பிறந்து, கடிகாரத்தைத் தொடாத நாட்டில் பதினெட்டு வருஷம் இருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? நேரத்தை மாற்றி வைக்கிற ஜனம் உலகத்தில் உண்டு என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஐந்தே முக்காலுக்கு மார்க்கெட் திகைத்து நிற்கவில்லை, அது பூட்டிக் கிடந்தது. பூட்டின கடை வாசலில் நின்று வியாபாரம் மந்தம் என்று வகுப்பு எடுத்திருக்கிறேன்.

லீவு கிடைத்ததைச் சொன்னேன். "நிஜமாவாப்பா?" என்றாள். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிள்ளையின் குரல். நான் ஃபோனை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷன் எங்கே போய் நிற்பான்? நான் தோற்றவன். அடுத்தவன் தளத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதியே ஆகவேண்டும், மறைத்தால் பாவம். மூன்றாம் நாள் துணி காயப்போடும் இடத்தில் வைத்து முருகுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் துணியை உதறிக்கொண்டே கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லிஸ்ட் போட்டாச்சு அண்ணே, விடுங்க என்றான். நான் விடவில்லை, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மஹ்மூத்திடம் போனேன். பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. புது ஃபாரம், ஃபோர்மேன் கையெழுத்து, பிளான்ட் மேனேஜர் கையெழுத்து, டிக்கெட் பிரிவில் ஒன்று, அப்புறம் சிஸ்டத்தைத் திறக்கச் சொல்லி துபாய் ஆபீஸுக்கு ஒரு கடிதம். எல்லாம் வந்து சேர்வதற்குள் ஈஸ்டர் வந்துவிடும். நான் பிடித்த கையை முருகு மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், அப்படின்னா ஒரே ஒரு உதவி அண்ணே என்றான். தளம் போடும் அன்றைக்கு அறந்தாங்கி வரை ஒரு எட்டு போய் நிற்க முடியுமா, மச்சான் ஃபோனைக் கோணலாகப் பிடிப்பான், நீங்கள் நேராகப் பிடித்துக் காட்டுங்கள்.

7

ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் நானும் ஷைனியும் கிளம்பினோம். அவள் வருகிறேன் என்றதே எனக்கு ஆச்சரியம். ஃபோனை நேராகப் பிடிக்க உங்களுக்குத் தெரியாது, அதனால் வருகிறேன் என்றாள். நாகர்கோவிலில் விடியக்காலை பஸ், மதுரையில் மாறி, காரைக்குடியில் மாறி, அறந்தாங்கி. மதுரையில் பஸ் கிளம்ப நேரமானதும் டிரைவரைப் பார்த்து "யல்லா பாய், ஜல்தி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஷைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. காரைக்குடி வரைக்கும் பெங்களூர் வேலையைப் பற்றிச் சொன்னாள். சாயங்காலம் தொடங்கி விடிய விடிய டியூட்டியாம். நியூயார்க் திறக்கும்போது இவள் திறக்க வேண்டும். அங்கே கடிகாரத்தைத் திருப்பினால் இவள் சாப்பாட்டு நேரமும் திரும்பும். ஒரு வீட்டில் மூன்று நேரம் ஓடப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் புரொஃபசர் ஆரம்பித்துவிட்டார் என்பாள்.

ராத்திரி முருகு வீட்டார் குடியிருக்கிற பழைய வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மனையில் கூட்டம். கலவை மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். கொத்தனார் மாலை போட்டிருந்ததால் பிரியாணி என்று திட்டம் போட்டிருந்த சாப்பாடு சாம்பார், வடை, பாயசமாகச் சுருங்கிவிட்டது. மச்சானுக்கு அதில் பெரிய வருத்தம். சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பி கட்டியிருந்தது. அதன்மேல் நான் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக் கால் வைத்தேன். ஷைனி விறுவிறுவென்று ஏறிப்போய் மூலையில் நின்று வீடியோவில் முருகுவைக் கூப்பிட்டாள். அங்கே காலை ஆறரை. டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில், ஹெல்மெட்டோடு, பத்துப் பேருக்கு நடுவில் அவன் முகம். நாலு மூலையையும் காட்டச் சொன்னான். கம்பிக்குக் கம்பி இடைவெளியைக் காட்டச் சொன்னான். பிள்ளை பொறுமையாகக் காட்டினாள்.

முருகுவின் மனைவி செல்வி முதல் சட்டிக் கலவையை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தது. நேராக என்னிடம் வந்து, நீங்கதான் அண்ணே ஊத்தணும், அவரு சொல்லிட்டாரு என்றது. இது முருகுவின் கையால் விழ வேண்டிய சட்டி. நான் தோற்றுப் போனவன் தங்கச்சி, அன்றைக்கு மார்க்கெட் ஏறியதுதான் உண்மை, நேரம் தெரியாமல் நான் லீவை எடுத்துக்கொண்டேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன்.

செல்வி சிரித்தது.

"அது அவருக்குத் திங்கக்கிழமையே தெரியும்ணே. அன்னைக்குச் சாயங்காலம் பாத்திருக்காரு, ஆறரைக்குத்தான் தொறந்துச்சாம். செவ்வாக்கிழமையும் பாத்துட்டு ஃபோன் போட்டாரு. அண்ணன் அஞ்சே முக்காலுக்குப் பாக்கச் சொல்லிருக்காரு, அப்ப அது பூட்டித்தான் கெடக்கும், சொல்லிரவா வேணாமான்னு கேட்டாரு. நாந்தான் சொல்லாதீங்கன்னேன்."

நான் ஷைனியின் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தேன். பஸ் நின்றிருந்தது போல. முருகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவன் போல ஹெல்மெட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஏன்டா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க எடுத்திருக்க மாட்டீங்கண்ணே" என்றான். "தளம் எங்க போகப்போவுது? அடுத்த லீவுல வந்து மேல ஏறி நின்னுக்கிறேன். புள்ளைக அப்புடி நிக்குமா?"

ஷைனி ஃபோனை ஆடாமல் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. கலவை இறுகுதுங்க, ஊத்துங்க ஊத்துங்க என்று கீழேயிருந்து கொத்தனார் சத்தம் போட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஃபோனில் அவன் பார்க்கும்படியாகக் குனிந்து, சட்டியைச் சாய்த்தேன்.